குடும்பத்தோடு வருக

சிதம்பரத்துக்கு வருகிற கூட்டம் கோயிலைப் பார்க்கும், கடைத்தெருவில் வளையல் வாங்கும், பஸ் ஏறிப் போய்விடும். இதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. ஆனால் மேலிடத்தில் ஒருவருக்கு இது குறையாகப் பட்டுவிட்டது. நடை சாத்தியிருக்கிற மத்தியான வேளையில் குடும்பங்கள் மர நிழலில் சும்மா உட்கார்ந்து புளிச்சோறு தின்கின்றனவே, அந்த நேரத்தில் அவற்றுக்குக் கொஞ்சம் அறிவைப் புகட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றியது உத்தரவாயிற்று. உத்தரவு படிப்படியாக இறங்கி வந்து, வடக்கு வீதிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஒரு நெல் கிடங்கில், 'மாதிரிக் குடும்பப் பொருட்காட்சிசாலை' என்ற பெயரோடு நின்றது. வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்து, 'குடும்பத்தோடு வருக' என்று எழுதினார்கள்.

திறந்த புதிதில் குடும்பங்கள் வரவில்லை. தனி ஆட்கள்தான் வந்தார்கள். கோர்ட்டுக்கு வந்தவன், மாடு விற்க வந்தவன், மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்டு எழுந்து வந்தவன், இவர்களெல்லாம் மின்விசிறிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அவர்களில் ஒருவன் மேல் தடுக்கி விழுந்தார். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்ட கையோடு இன்னொரு உத்தரவு பிறந்தது. இனிமேல் குடும்பம் மட்டுமே அனுமதிக்கப்படும், தனி ஆண்களுக்கு அனுமதி கிடையாது. குடும்பங்கள் அப்போதும் வரவில்லை. ஆனால் பொருட்காட்சிசாலை சுத்தமாக இருந்தது.

இதெல்லாம் கடலூர் ஓல்டு டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அப்துல் வதூதுக்குத் தெரியாது. அவனுக்கு வேறு கவலை இருந்தது.

வதூது பெனாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவன். லீவில் வந்திருந்தான். லீவு முடிந்துவிட்டது. நாளை மறுநாள் நாகப்பட்டினத்தில் கப்பல். ஏறினால் திரும்பி வர நாலு வருஷமோ ஐந்து வருஷமோ, அது முதலாளிக்கும் அல்லாவுக்கும்தான் வெளிச்சம். போன தடவை அவன் கப்பல் ஏறும்போது மனைவி ஜெய்னப் மாசமாக இருந்தாள். பிறந்த பெண் சுல்தானாவுக்கு இப்போது நாலு வயசு ஆகப்போகிறது. வந்து இத்தனை நாளாகியும் அந்தப் பெண் அவனை ஒரு தடவைகூட 'அத்தா' என்று கூப்பிடவில்லை.

அவள் பேரில் குற்றமில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஓர் அத்தா இருந்தார். கூடத்துச் சுவரில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் இருந்தார். பெனாங்கில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. கோட்டு ஸ்டூடியோக்காரனுடையது, டையும் அவனுடையது, கை வைத்துக்கொண்டு நிற்கிற நாற்காலியும் அவனுடையது. முகம் மட்டும் வதூதுடையது. அதையும் ஸ்டூடியோக்காரன் எங்கோ தூரத்தில் பார்க்கச் சொல்லி, மெழுகு பூசினாற்போல் எடுத்து வைத்திருந்தான். ஓல்டு டவுனில் சபர் என்று கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் வீடுகளிலெல்லாம் இப்படி ஒரு படம் உண்டு. ஜெய்னப் தினமும் படுக்கப் போகுமுன் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "அத்தாவுக்கு சலாம் சொல்லு" என்பாள். பிள்ளை சொல்லும். பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறது.

அப்படியிருக்கையில் ஒருநாள் கட்டம் போட்ட கைலியும் டிரங்குப் பெட்டியுமாக, கறுத்து இளைத்து ஓர் ஆள் வந்து நின்று, "நான்தாம்மா அத்தா" என்றால் யார் நம்புவார்கள்? சுல்தானா அவனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தெருவில் எல்லோரும் "பெனாங்கு வந்தாச்சா, பெனாங்கு வந்தாச்சா" என்று விசாரித்ததால் அவனுக்குப் பெனாங்கு என்றே பெயர் வைத்துவிட்டாள். அவன் கொடுத்த கண் மூடும் பொம்மையை மரியாதையாக வாங்கிக்கொண்டாள். மடிக்கு வா என்றால் வரவில்லை. இரவில் அவன் கூடத்துப் பாயில் படுத்திருக்க, அவனைத் தாண்டி நின்றுகொண்டு படத்துக்கு சலாம் சொன்னாள். அந்த சலாம் அவன் தலைக்கு மேலே போய்ச் சுவரில் சேர்ந்தது. வதூது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பான்.

"கொழந்தைதான, பழகிடும்" என்று ஜெய்னப் சொல்லிக்கொண்டிருந்தாள். பழகுவதற்குள் கப்பல் வந்துவிட்டது.

கடைசியாக ஒரு நாள் மூன்று பேருமாக எங்கேயாவது வெளியே போய் வரலாம் என்று வதூது நினைத்தான். கடலூரில் கடற்கரை இருந்தது. ஆனால் கப்பல் நெருங்க நெருங்க ஜெய்னப்புக்குக் கடலைப் பார்த்தாலே அழுகை வந்தது. அப்போதுதான் யாரோ சிதம்பரத்தில் குடும்பத்துக்கென்றே ஒரு பொருட்காட்சிசாலை திறந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு மரக்குதிரையெல்லாம் இருக்கிறது என்று சொன்னார்கள். பலகையில் எழுதியிருக்கும் வாசகத்தைக் கேட்டதுமே வதூதுக்குப் பிடித்துவிட்டது.

வாசலில் அய்யனார் இருந்தார். காக்கிச் சட்டை போட்ட காவலர். வெயிலில் நின்று நின்று, யாரையும் உள்ளே விடாமலிருப்பதில் ஒரு தேர்ச்சி வந்திருந்தது அவருக்கு.

"நில்லுங்க. குடும்பமா?"

"குடும்பந்தாங்க. பலகையப் பாத்துட்டுத்தான் வந்தோம்."

"எல்லாரும் அப்புடித்தான் சொல்றாங்க. போன வாரம் ஒரு பாட்டி வந்துச்சி, கூட வந்த ஆம்பளயாளு அத்தன பேரும் மருமவன்னு சொல்லிச்சி. உள்ள போயி எல்லாரும் ஃபேனுக்கு அடியில படுத்துட்டானுவோ." அய்யனார் சலித்துக்கொண்டார். "பெரியவங்க பொய் சொல்லுவாங்க, கொழந்த சொல்லாது. அதனால கொழந்தையத்தான் கேக்கணும்னு ஆர்டரு."

அவர் குனிந்தார். "பாப்பா, இவுங்க யாரு?"

"அம்மா."

"இவுரு?"

வதூது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். ஊரறிய, அதிகாரத்தோடு ஒருவர் கேட்கிறார், இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

"பெனாங்கு" என்றாள் சுல்தானா.

"அப்ப ஒங்க அத்தா எங்க?"

"வூட்டுல. செவுத்துல இருக்கு."

அய்யனார் நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஜெய்னப்பிடம் கேட்டார். "எப்பம்மா தவறுனாரு?"

"அல்லாவே!" ஜெய்னப் பதறிப்போனாள். "என்னாங்க வாய் இது! குத்துக்கல்லாட்டம் எதுர்ல நிக்கிறாங்க, தெரியல?"

"இவுருதான் பெனாங்குன்னு கொழந்த சொல்லுதே."

"பெனாங்கு ஊரு பேருங்க!"

"ஊரு பேரச் சொல்லித்தான எல்லாரும் தப்பிக்கப் பாக்குறாங்க." அய்யனார் தீர்ப்புச் சொன்னார். "நீங்களும் பாப்பாவும் ஒரு குடும்பம். தகப்பன் இல்லாத குடும்பத்துக்கும் அனுமதி உண்டும்மா, நாங்க அவ்வளவு கல்நெஞ்சு இல்ல. இவுரு தனி ஆளு. தனி ஆளு வெளியதான் நிக்கணும்."

"வாங்க, ஒண்ணும் வாணாம், திரும்பிப் போயிடலாம்" என்றாள் ஜெய்னப். அதற்குள் சுல்தானா உள்ளே நின்ற மரக்குதிரையைப் பார்த்துவிட்டாள். வாசலில் இடுப்பளவு உயரத்தில் இருந்த சுழல் கதவுக்கு அடியில் குனிந்து புகுந்து ஓடிவிட்டாள். பிள்ளையைப் பிடிக்க ஜெய்னப்பும் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்தக் கதவு ஒரு பக்கம்தான் சுற்றும். உள்ளே போனவர்கள் எல்லாக் கூடங்களையும் வரிசையாகப் பார்த்து முடித்து, பின்வாசல் வழியாகத்தான் வெளியே வர முடியும். பாதி அறிவோடு யாரும் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

குடும்பத்தோடு ஒரு நாள் கழிக்க வந்த வதூது வெயிலில் தனியாக நின்றான்.

பழைய கிடங்கானதால் பக்கவாட்டில் நீளமாக ஒரு தாழ்வாரமும், கம்பி போட்ட ஜன்னல்களும் இருந்தன. அவன் ஒவ்வொரு ஜன்னலாக நின்று பார்த்துக்கொண்டே போனான். உள்ளே மனைவியும் மகளும் கூடம் கூடமாக நகர, வெளியே அவனும் கூடவே நகர்ந்தான். பெனாங்கிலிருந்து பார்ப்பதற்கு இது பரவாயில்லை என்றுதான் முதலில் நினைத்தான்.

முதல் கூடத்தில் அம்மி, ஆட்டுக்கல், முறம், உலக்கை எல்லாம் கயிறு கட்டிய எல்லைக்குள் வைக்கப்பட்டிருந்தன. 'குடும்பப் பெண்ணின் கருவிகள்' என்று எழுதியிருந்தது. விடியற்காலையில் அம்மியில் அரைத்து வைத்துவிட்டு, மறுபடியும் சாயங்காலம் போய் அரைக்கப்போகிற ஜெய்னப், அந்த அம்மியை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தாள்.

"இதயா பாக்க வந்தோம்?" என்றாள் ஜன்னல் பக்கம் திரும்பி. "நம்ம வூட்டு அம்மியே இதவிட நல்லாருக்கும்."

"மரக்குதிர எங்க?" என்றான் வதூது.

"ஏறக் கூடாதாம். ஏறுனா தேஞ்சிடுமாம். எழுதிப் போட்டுருக்கு."

இரண்டாவது கூடம் குழந்தைகளுக்கானது. ஊஞ்சல் ஒன்று இருந்தது. ஆடிவிடாமல் நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மூன்றாவதில் 'களைத்த தாய்மாருக்கான இருக்கை' என்று மெத்தை வைத்த பெஞ்சு ஒன்றும், அதன் கீழேயே 'உட்காரக் கூடாது' என்ற அட்டையும் இருந்தன. பக்கத்தில் மண்பானை. 'தூய குடிநீர் (மாதிரி)'. சுல்தானா தண்ணீர் கேட்டு அழுதாள். பானையில் தண்ணீர் இல்லை, நீலப் பெயிண்டு அடித்திருந்தது. வதூது ஓடிப் போய்த் தெருமுனையில் ஒரு சோடா வாங்கி வந்து கம்பி வழியாக நீட்டினான். குழந்தை குடித்தது. குடித்துவிட்டு, "பெனாங்கு சோடா குடுத்துச்சி" என்று அம்மாவிடம் சொன்னது.

அப்போதுதான் அவன் தோளில் ஒரு கை விழுந்தது. காப்பாளர் தட்சிணாமூர்த்தி. கண்ணாடி போட்ட, எப்போதும் வியர்த்திருக்கிற மனிதர்.

"ஜன்னல் வழியா அருங்காட்சியகம் பாக்கிறீரா? இது என்ன சர்க்கஸ் கூடாரமா?"

வதூது தன் கதையைச் சொன்னான். கப்பலைச் சொன்னான், படத்தைச் சொன்னான். "கெஞ்சிக் கேக்குறேன் சார். பிள்ள பக்கத்துல நிக்க ஒரு அரை மணி நேரம் விட்டீங்கன்னா போதும். அதுக்காவத்தான் வந்தேன்."

காப்பாளர் இரக்கத்தோடுதான் கேட்டார். ஆனால் அவருடைய இரக்கமும் விதிகளுக்கு உட்பட்டுத்தான் நடக்கும்.

"உம்ம கஷ்டம் புரியுது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரும். இந்த ஸ்தாபனம் குடும்பத்துக்காக இருக்கு. குடும்பம்னா என்னன்னு எங்களுக்கு மேலிருந்து தெளிவா சொல்லியிருக்காங்க. ஒவ்வொருத்தனும் அவனவன் குடும்பத்தக் கொண்டாந்து இதுதான் குடும்பம்னா நாங்க எங்க போறது? நெசக் குடும்பங்க வந்தா சத்தம் போடுது, வாந்தி எடுக்குது, சண்ட போட்டுக்குது. மூணு வருஷமா நான் என் குடும்பத்தப் பாக்க ஊருக்குப் போகல. லீவு கெடைக்கல. நான் எதாவது சொல்றேனா?"

வதூதுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அய்யனார் ஓடி வந்தார். "சார், பெரிய அய்யா கெளம்பிட்டாராம். பஸ் ஸ்டாண்டு தாண்டிட்டாராம்."

தட்சிணாமூர்த்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கதை இதுதான். கடைசிக் கூடத்தில், பெரிய கண்ணாடி அறைக்குள் மாதிரிக் குடும்பம் நிற்கும். அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண், எல்லாம் சுண்ணாம்புக் காரையில் செய்த ஆளுயரப் பொம்மைகள். அதுதான் பொருட்காட்சிசாலைக்கே உயிர். போன வாரம் தூசி துடைக்கும்போது அப்பாவின் தலை கழன்று விழுந்து சுக்குநூறாகிவிட்டது. புதுத் தலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். தலை இன்னும் வரவில்லை. ஆனால் தலையில்லாத தகப்பனைப் பார்க்க மேலதிகாரி கண்ணாயிரம் வந்துகொண்டிருக்கிறார்.

"தகப்பன் இல்லாட்டி அது மாதிரிக் குடும்பமே இல்லம்பாரு. சாலைய மூடு, ஒன்ன வேற எங்கயாவது தூக்கிப் போடுறேம்பாரு." காப்பாளர் புலம்பினார். "அய்யனார நிறுத்தலாம்னா, அவன் மீசை ஊருக்கே தெரியும்." புலம்பிக்கொண்டே தலையை நிமிர்த்தியவர், வதூதை மேலும் கீழும் பார்த்தார். ஜவுளிக்கடையில் துணி அளப்பவர்கள் பார்க்கிற பார்வை அது. வதூதுக்குப் பழக்கமான பார்வைதான்.

"நீர் கோட்டு போடுவீரா?" என்றார்.

இப்படியாக, குடும்பமென்று உள்ளே போக முடியாத அப்துல் வதூது, காட்சிப் பொருளாக உள்ளே போனான்.

ஒத்துக்கொள்வதற்கு முன் அவன் கொஞ்சம் தயங்கத்தான் செய்தான். சிலையாக நிற்பது மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்று ஒரு நடுக்கம் இருந்தது. ஆனால் கடைசிக் கூடத்துக்கு எல்லோரும் வந்துதான் ஆக வேண்டும், ஜெய்னப்பும் பிள்ளையும் எதிரே வந்து நிற்பார்கள் என்று காப்பாளர் சொன்னதும் தயக்கம் போய்விட்டது. தலை போன தகப்பனை அப்புறப்படுத்திவிட்டு, அதன் சட்டை, கால்சட்டை, கோட்டு, டை எல்லாவற்றையும் அவனுக்கு மாட்டிவிட்டார்கள். முடியில் தண்ணீர் தொட்டு வகிடு எடுத்தார்கள். ஒரு நாற்காலியின் முதுகில் கையை வைக்கச் சொன்னார்கள்.

"குடும்பத்தப் பாக்கக் கூடாது" என்றார் தட்சிணாமூர்த்தி. "பாத்தா கவல தெரியும். எங்கயோ தூரத்துல, முன்னேற்றத்தப் பாக்கிற மாதிரி நில்லும். மூச்சு விடலாம். ஆனா நெஞ்சு அசையக் கூடாது."

பிறகு வெளியே போய்ப் பூட்டினார். பக்கத்தில் காரை மனைவியும் காரைப் பிள்ளைகளும் சிரித்தபடி நின்றார்கள். உள்ளே காற்றே இல்லை. புழுக்கத்தில் கோட்டுக்குள் வியர்வை ஓடியது. பெனாங்கில் ஒருநாள் ஸ்டூடியோவில் நின்றதும் இப்படித்தான் என்று வதூது நினைத்துக்கொண்டான்.

கண்ணாயிரம் பெரிய உடம்பும் கனத்த குரலும் உள்ளவர். கண்ணாடி அறைக்கு முன்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த அப்பா போன தடவ பாத்ததுக்குக் கொஞ்சம் எளைச்சாப்ல இருக்காரே?"

"பருவநிலை சார். காரை சுருங்குது" என்றார் காப்பாளர்.

"வியர்வை மாதிரி பெயிண்ட் பண்ணியிருக்கீங்க. அது கொஞ்சம் ஜாஸ்தி. நெசத்துல யாருக்கும் இப்படி வியர்க்காது. மூக்கும் இயற்கையா இல்ல." அவர் பெருமூச்சு விட்டார். "இருந்தாலும், தகப்பன்னா இப்படி இருக்கணும்யா. எதிர்த்துப் பேசுறதில்ல, தொல்ல குடுக்கிறதில்ல, எப்ப வந்து பாத்தாலும் வச்ச எடத்துல இருக்காரு. என் வூட்டுல நான் வாயத் தெறந்தா பிள்ளைங்க எழுந்து போயிடுதுங்க. அதான் நான் ஞாயித்துக்கிழமையில கூட இன்ஸ்பெக்ஷன் வச்சிக்கிறேன். குடும்பம்னா என்னான்னு இங்க வந்தாத்தான் எனக்கு ஒரு நிம்மதி."

அந்த நேரத்தில்தான் ஜெய்னப் சோர்ந்துபோய்க் கடைசிக் கூடத்துக்குள் வந்தாள். இடுப்பில் சுல்தானா. உட்கார இடமில்லாமல் நடந்ததில் இருவருக்கும் முகம் வாடிப்போயிருந்தது. குழந்தை கண்ணாடியைப் பார்த்தது. சட்டென்று நிமிர்ந்தது. அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, ஓடி வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்தது.

"அத்தா!"

வதூது தூரத்தில் முன்னேற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, அத்தா! அத்தா இங்க வந்துருக்கு!" பிறகு அவள் நேராக நின்று, தினமும் சொல்வதுபோல் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். "அஸ்ஸலாமு அலைக்கும், அத்தா."

ஜெய்னப் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கண்ணாயிரம் பரவசமாகிவிட்டார். "பாத்தீங்களா தட்சிணாமூர்த்தி! நம்ம சாலையோட பலனப் பாத்தீங்களா! தகப்பன் இல்லாத பிள்ள போலருக்கு. வந்த எடத்துல தகப்பன் கெடச்சிடுச்சி பாருங்க!"

கோட்டுக்குள் வதூதின் நெஞ்சு அசைந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அசைந்தது. ஒரு சலாம் வந்தால் பதில் சொல்லாமல் இருப்பது அவன் வளர்ந்த வளர்ப்பில் இல்லை. இத்தனை இரவுகளாகத் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த சலாம் இன்றைக்குத்தான் நேராக அவனுக்கு வந்திருக்கிறது. உதட்டை அசைக்காமல் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். முடியவில்லை.

"வ அலைக்குமுஸ் ஸலாம், கண்ணு" என்றான்.

சுல்தானா ஓர் அடி பின்னால் வைத்தாள். அப்புறம் கூடமே அதிரச் சிரித்தாள். "அத்தா பேசுது! அத்தா பேசுது!"

கண்ணாயிரத்தின் முகம் இறுகியது. காப்பாளர் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"உள்ள பேசுற மிஷின் வச்சிருக்கீங்களா?"

தட்சிணாமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆ... ஆமா சார்."

"நல்ல யோசனை. ஆனா எந்த உத்தரவுல வச்சீங்க? எங்கிட்ட கேட்டீங்களா?" அவர் குரல் ஏறியது. "அப்பா பேசணும்னு யாரு உங்களுக்குச் சொன்னது? இன்னைக்கு சலாம்பாரு, நாளைக்கு அரசாங்கத்தப் பத்தி அபிப்பிராயம் சொல்லுவாரு. தமிழ் வளர்ச்சியப் பத்தி நாலு வார்த்த பேச வச்சிருந்தாலும் பரவாயில்ல. வாங்க, ஆபீஸ் ரூம்ல உக்காந்து பேசுவோம்."

போகிற போக்கில் அவர் கையை ஆட்ட, அய்யனார் வந்து மணி அடித்தார். ஒரு காட்சிக்கு முன்னால் இவ்வளவு நேரம்தான் என்று கணக்கு. "நவுருங்கம்மா, நவுருங்க. வர்ற குடும்பம் காத்திருக்கும்" என்று அவர் ஜெய்னப்பையும் பிள்ளையையும் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வருவதற்கு எந்தக் குடும்பமும் இல்லை. சுல்தானா திரும்பித் திரும்பிப் பார்த்து, "அத்தா, வா! அத்தா, வா!" என்று கையை நீட்டிக்கொண்டே போனாள். வதூது கண்ணாடியைத் தட்டினான். கேட்க ஆளில்லை.

ஆபீஸ் அறையில் காப்பி வந்தது, மெதுவடை வந்தது, பேசுகிற தகப்பனுக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு முடிந்தது. கண்ணாயிரம் வண்டி ஏறிய பிறகுதான் தட்சிணாமூர்த்தி சாவியோடு வந்தார். அவர் திட்டவில்லை. திட்டுகிற தெம்புகூட அவரிடம் இல்லை.

"கோட்டக் கழட்டும்" என்றார்.

"சார், இந்தக் கோட்ட மட்டும் பின்வாசல் வரைக்கும் போட்டுக்கிட்டுப் போறனே. பிள்ள இதுலதான் என்ன அடையாளம் கண்டுச்சி. காட்டிட்டு உடனே கொண்டாந்து குடுத்துடுறேன். ஒங்க ஆளக்கூட கூட அனுப்புங்க."

"காட்சிப் பொருள் கட்டடத்த விட்டு வெளிய போகக் கூடாது."

"நான் மட்டும் போகலாமா?"

"நீர் போகலாம். நீர் எங்க சாமான் இல்லையே."

வதூது கோட்டையும் மற்றவற்றையும் கழற்றிக் கொடுத்தான். கைலியும் நனைந்த பனியனுமாக, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினான். சந்துக்குள் ஒரு கல்லின் மேல் ஜெய்னப் உட்கார்ந்திருந்தாள். சுல்தானா மூடிய கதவைக் கையால் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அழுது அழுது குரலே கம்மிவிட்டது.

"அத்தாவ உள்ள வச்சிப் பூட்டிட்டாங்க. அத்தாவக் கூட்டிட்டு வா. அத்தா இல்லாம நான் வரமாட்டேன்."

"எவ்வளவோ சொல்லிட்டேங்க" என்றாள் ஜெய்னப். "கேக்கமாட்டேங்குது."

வதூது மண்டி போட்டு உட்கார்ந்தான். "சுல்தானா, இங்க பாரும்மா. நான்தான் உள்ள நின்னேன். நான்தாம்மா அத்தா."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தது. வகிடு கலைந்து, முகமெல்லாம் வியர்த்து நின்ற அந்த ஆளிடம் அதற்கு ஒரு கோபமும் இல்லை.

"நீங்க பெனாங்கு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கதவை அடிக்கத் தொடங்கியது.

உள்ளே அய்யனார் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிற சத்தம் கேட்டது. முன்வாசல் பூட்டுவதும் கேட்டது. வதூது அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். சோர்வு காலிலிருந்து ஏறி நெஞ்சு வரை வந்துவிட்டது. இரண்டு கைகளையும் நீட்டினான்.

"சரி வா, அத்தா வேற வழியா வெளிய போயிருப்பாங்க. தேடிப் பாக்கலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

சுல்தானா யோசித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக, அவனிடம் வந்தாள். அவன் தூக்கினான். கனமாக இருந்தாள். விழுந்துவிடாமலிருக்க அவன் கழுத்தைக் கையால் வளைத்துக்கொண்டாள். அவள் தலை எண்ணெய் வாசனை அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"கடலூர் பஸ் போயிடுங்க" என்றாள் ஜெய்னப் பின்னால் வந்துகொண்டே.

"போவட்டும்."

வடக்கு வீதியில் கடைகளில் விளக்கு போட்டிருந்தார்கள். சுல்தானா ஒவ்வொரு ஆளாக எட்டிப் பார்த்தாள். சைக்கிளில் போகிறவனைப் பார்த்தாள், வெற்றிலைக் கடையில் நின்றவனைப் பார்த்தாள். "இது இல்ல" என்றாள். "இது இல்லதான்" என்றான் வதூது. அழுகை அடங்கி, அவள் அவன் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"அத்தா எந்தத் தெருவுல இருப்பாங்க?" என்று அவன் காதுக்குள் கேட்டாள்.

"அடுத்த தெருவுல இருப்பாங்கம்மா."

கீழ வீதியிலும் அத்தா இல்லை. வதூது அவளை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நடையைக் குறைத்து, தெற்கு வீதிப் பக்கம் திரும்பினான்.